துணி கிழியும் சத்தம்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தெற்கேயிருந்து வெறுங்கையோடு வந்தவன். ஆனால் ரங்கநாதன் தெருவில் ரவிக்கைத் துணி என்றால் என் கடைதான். மங்கிய விளக்கிலும் சேலையைப் பார்த்து அதே நிறத்தை உருவிப் போடுவேன். படித்தவன் எவனும் என் பக்கத்தில் நிற்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மகளுக்கு மூன்று வயது. கடையில் மிச்சத் துண்டுகளை நிறவாரியாகத் தரையில் அடுக்குவாள். ஒன்றைக் கலைத்தாலும் அலறுவாள். "வியாபாரம் ரத்தத்துலயே ஓடுது பாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வேன்.

மயிலாப்பூரிலிருந்து வரும் மாமி ஒருவர், "ஏம்ப்பா, கொழந்தை ஏறிட்டே பாக்க மாட்டேங்கறதே?" என்றார்.

"கடைக்காரன் பொண்ணு மாமி, துணியத்தான் பாப்பா."

மாமி சிரிக்கவில்லை.

வீட்டில் என் மனைவி, "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா. காது கேக்கலையோ என்னமோ" என்றாள். பேச்சு வரட்டும் என்று மகளின் நாக்கில் வசம்பு தடவினாள். வடபழனி முருகனுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். டாக்டரிடம் காட்டலாம் என்றாள்.

"நானே அஞ்சு வயசுலதான் பேசுனேன். இப்ப என் வாய எவனாலயாவது அடைக்க முடியுதா?"

"உங்க வாய விடுங்க. அவ வாயப் பாருங்க."

ஒருநாள் கடையில் மனைவி மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தாள். தட்டைக் கீழே போட்டாள். மகள் அசையவில்லை. அந்நேரம் மறுகோடியில் நான் ஒரு துணியை அளந்து, நுனியைக் கத்தரித்து, கையால் சர்ரென்று கிழித்தேன். மகள் எழுந்து ஓடி வந்தாள். என்னிடம் அல்ல, துணியிடம். கிழிந்த ஓரத்தைக் காதில் தேய்த்துக்கொண்டாள்.

"அவளுக்குத் துணி கேக்குது. நாமதான் கேக்கல" என்றாள் மனைவி.

மறுவாரம் அடையாறில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். எதையாவது விரல் நீட்டிக் காட்டுவாளா என்று கேட்டார்.

"இல்லைங்க. தண்ணி வேணும்னா என் கையப் பிடிச்சுப் பானை மேல வைப்பா" என்றாள் மனைவி.

அவர் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். திரும்பச் சொல்லச் சொன்னேன். அப்போதும் மனதில் நிற்கவில்லை. "தானா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க. பொறுமையா ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுங்க" என்றார். மனைவி தலையாட்டினாள். சன்னல் திரையில் இரண்டு வேறு பச்சை இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் மகளைப் பெயர் சொல்லி அழைத்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு நல்ல பச்சைத் துணியை எடுத்துக் கிழித்தேன். வந்து என் முழங்காலருகே நின்றாள்.

மூட்டை இறக்க வந்தவர், "இன்னா மொதலாளி, நல்ல துணிய கிய்ச்சிக்கினு கீற?" என்றார்.

"என் துணி. நான் கிழிக்கிறேன்" என்று சொல்லி அடுத்ததை எடுத்தேன்.