சின்னசாமியின் முழுக்கு

1. தடுப்பணையில்

சின்னசாமி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டார். அதற்கு மேல் ஓரடிகூட வைக்கவில்லை. கரையில் எங்கள் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க வந்த அவருடைய சொந்தக்காரர்கள். “மாமா, எருமையே எறங்குது. நீ இன்னா யோசிக்கிற?” என்றான் அவர் மனைவியின் தம்பி.

இன்று கரையேறிப் போனால் அந்த மனிதர் இனி சபைக் கோயில் பக்கமே வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். சிரிப்பைத் தாங்கிக்கொள்கிற ஆள் அல்ல அவர்.

நான் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையார் எல்லாரும் சாமையும் புளியும் விளைவிக்கிற மலைக்காரர்கள். வாராவாரம் ஆராதனை நடத்துவது, வீடு வீடாகப் போவது, ஞானஸ்நான முழுக்குக்கு ஆட்களைத் தயார் செய்வது எல்லாம் என் வேலை. முழுக்கு கொடுப்பது மட்டும் என் வேலை இல்லை. அதற்குப் பட்டம் பெற்ற பாஸ்டர் வேண்டும். அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வருவார்.

உழுது, விதைத்து, களை எடுத்து, ராத்திரியில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவன் ஒருவன். கழுவித் துடைத்த அரிவாளோடு அறுக்க வருகிறவன் இன்னொருவன். கடைசியில் கதிர்க்கட்டு யார் தலையில் இருக்கிறதோ அவன்தான் விவசாயி என்று ஊர் சொல்லும். “எங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தவரு” என்று ஜனங்கள் பாஸ்டரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் நல்லவர் என்பதால் எரிச்சல் குறைந்ததில்லை, கூடத்தான் செய்தது.

2. அண்டா

முழுக்கை நாங்கள் சாமை அறுப்பு முடிந்துதான் வைப்போம். அப்போதுதான் ஓடைத் தடுப்பணையில் தண்ணீரும் இருக்கும், ஆட்களுக்கும் ஒழிவு இருக்கும். சின்னசாமி இரண்டு அறுப்பு தள்ளிப் போட்டவர். தண்ணீருக்குப் பயப்படுகிறார் என்பதைக் கண்டுபிடித்தவன் நான். என் வீட்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை முக்கப் பழக்கினேன். கைக்குட்டையால் மூக்கைப் பிடிப்பது எப்படி, முதுகைத் தளர்த்திச் சாய்வது எப்படி என்றெல்லாம் செய்து காட்டினேன். தண்ணீரைப் பற்றிய வசனங்கள் எத்தனை உண்டோ அத்தனையும் சொல்லிக் கொடுத்தேன். மனப்பாடமாக ஒப்பித்தார். மற்ற சபைகளின் பழைய வரலாறுகளையெல்லாம் தேடிப் படித்தவன் நான். இப்படி ஒரு கேண்டிடேட்டை வேறெந்த உபதேசியாரும் தயார் செய்திருக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் பாஸ்டரும் நின்றோம். முழங்கால் ஆழத்தில் நின்ற சின்னசாமி அசையவில்லை. நான் மெதுவாக ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பாஸ்டர் அவர் அருகே போனார்.

“எதுக்குப்பா பயம்?”

“எந்தம்பி செங்கத்தாண்ட கெணத்துல முழுவிப் பூட்டான். நான் மேல நின்னு பாத்துட்டே இருந்தேன். எறங்கல.”

கூட வாழ்ந்த மனைவியே கரையில் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அது புதுச் செய்தி.

பாஸ்டர் இன்னும் ஓரடி கிட்டே வந்தார். பிறகு, “எனக்கும் நீச்சல் வராதுப்பா. வா, ரெண்டு பேரும் சேந்தே முழுவலாம்” என்றார்.

எந்தச் சபையிலும் இல்லாத வழக்கம் அது. கொடுக்கிறவர் முழுகக் கூடாது. ஆனால் சின்னசாமி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு ஆழத்துக்கு வந்தார். பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திரியேக நாமத்தைச் சொன்னார். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். சேற்றில் பாஸ்டரின் கால் வழுக்கியது. நான்தான் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். கரையில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. சொந்தக்காரர்கள் சிரிப்பதை விட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

இந்த முழுக்கு செல்லுமா என்று சபை மூப்பர்கள் ஒரு மாதம் வாதாடினார்கள். செல்லும் என்று முடிவானது.

3. அடுத்த அறுப்பில்

அடுத்த வருடம் புதிதாக முழுக்குக் கிளாஸுக்கு வந்த ஒரு பெண், கோயில் வாசலில் சின்னசாமியிடம் ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு உள்ளே பாய் மடித்துக்கொண்டிருந்தேன்.

“பயமா இருந்தா பாஸ்டராண்ட சொல்லும்மா. உபதேசியாரு தங்கமானவருதான். ஆனா அவராண்ட சொன்னா வசனம் சொல்லுவாரு” என்றார் சின்னசாமி.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

பொறாமை எனக்கு இன்றும் தீரவில்லை. தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும். இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதல் கிளாஸில், வசனத்தை எடுப்பதற்கு முன்னால், “எதுக்குப்பா பயம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நீங்கள் கேட்காவிட்டால், அந்தப் பதில் ஜீப்பில் வருகிறவரிடம் போய்விடும்.