பேரைச் சொல்லிக்கொண்டே பந்து தேடியவர்

இன்று காலை கோல்ஃப் விளையாடப் போனேன்!

(ஆமாம், நானேதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.)

ஆபீஸ் தோழி விமலாவின் நச்சரிப்பு. நான் ரிட்டையர் ஆகிவிட்டேன், என் இடுப்பு மட்டும் இன்னும் வளர்ச்சிப் பணியில் இருக்கிறது. சரி, நடந்த மாதிரியும் இருக்கும் என்று கிளம்பினேன். எண்பதைத் தாண்டிய அப்பாவும் "வீட்ல தனியா உக்காந்து என்னா செய்ய?" என்று கூடவே வந்துவிட்டார்.

ஜாசின் பக்கம் ஒரு மலைத் திடல். ஒரே மேடு பள்ளம். இரண்டு பக்கமும் காடு.

மூன்றாவது குழியில் நான் அடித்த பந்து நேராகக் காட்டுக்குள் போய்விட்டது. (அதுவரை அடித்ததில் அதுதான் நல்ல அடி!)

"விட்டுரு லா, வேற பந்து போட்டுக்கலாம்," என்றாள் விமலா.

புத்தம்புதுப் பந்து! மனசு கேட்கவில்லை. புதருக்குள் காலை வைத்தேன்.

பின்னாலிருந்து அப்பாவின் அலறல். "பேரச் சொல்லு! பேரச் சொல்லிக்கிட்டே போ!"

"பந்துக்கெல்லாம் பேர் இருக்கா அங்கிள்?" என்று விமலா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. கோல்ஃப் வண்டியை விட்டு இறங்கப் பார்த்தார். நான் பந்தை மறந்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலம். அப்பாவுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் வேலை. அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, காட்டோர மேட்டில் தனக்கென்று சின்னதாக ஒரு கோல்ஃப் திடல் போட்டு வைத்திருந்தார். ஊரே பயந்து கிடந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. அப்பா பையைச் சுமப்பார். கூடவே துப்பாக்கியோடு ஒரு காவல்காரர்.

பந்து காட்டுக்குள் போனால் அப்பாதான் போய் எடுக்க வேண்டும். புதர் அசைந்தால் காவல்காரர் சுட்டுவிடுவார். அதனால் உள்ளே போகிற ஆள் தன் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தவே கூடாது!

"மாரிமுத்து, மாரிமுத்துன்னு கத்திக்கிட்டே தேடுவேன். எம்பேரே எனக்கு வெறுத்துப் போச்சு," என்றார் அப்பா.

ஒரு ஞாயிறு, புதருக்குள் பெருமாள் நின்றுகொண்டிருந்தார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர். தொழிற்சங்கத்தில் இருந்தவர். போலீஸ் தேடுகிறது என்றதும் நிறைமாத மனைவியை விட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடிப்போனவர். எலும்பும் தோலுமாக நின்றார். கையில் துரையின் பந்து.

அப்பா பேரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். வெளியே காவல்காரர் துப்பாக்கியைத் தூக்கும் சத்தம்.

"பேரச் சொல்லுடா, சுட்டுருவான்!" என்று பெருமாள்தான் அடிக்குரலில் அதட்டியிருக்கிறார். அப்பா கத்தினார். அந்தக் கத்தலுக்கு நடுவே பெருமாள் கேட்டது ஒன்றுதான். "என்னா புள்ள பொறந்துச்சு?"

பதில் சொல்வதற்குள் துரை கூப்பிட்டுவிட்டார். அப்பா பந்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

யாரிடமும் வாய் திறக்க முடியாது. காட்டு ஆளுக்கு உதவினான் என்று தெரிந்தால் தூக்கு, இல்லையென்றால் ஜெயில்.

அடுத்த ஞாயிறு, மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்தை அப்பாவே காலால் தட்டி அதே புதருக்குள் விட்டார். யாரும் பார்க்கவில்லை. உள்ளே போனார்.

"மாரிமுத்து! பொம்பளப் புள்ள! மாரிமுத்து! தாயும் புள்ளையும் சொகம்! மாரிமுத்து! சரோஜான்னு பேரு!"

புதரில் ஓர் அசைவும் இல்லை.

அவசரத்தில் அப்பா ஒன்றை மறந்துவிட்டார். காவல்காரருக்குத்தான் தமிழ் தெரியாது. துரையோ தினமும் விடியற்காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது தமிழில்தானே திட்டுவார்!

வெளியே வந்தால் துரை எதிரே நிற்கிறார்.

"யாருக்குப் புள்ள, மாரி?"

"எங்க அக்காவுக்குங்க, தொரை."

துரை காட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "நல்லது," என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடந்தார்.

"அவன் நல்லவனா, இல்ல அவனுக்கும் பயமான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல," என்றார் அப்பா.

பெருமாள் திரும்பி வரவே இல்லை.

சரோஜா அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். செலண்டாரில் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி போவோம். "நான் வயித்துல இருக்கறப்பவே எங்கப்பா ஓடிட்டாரு. புள்ளன்னு ஒரு நெனப்பு இருந்திருக்குமா அந்த மனுஷனுக்கு?" என்று ஒருமுறை சொன்னபோது, அப்பாவும் பக்கத்தில்தான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்பா இத்தன வருஷமா சொல்லல?"

"அப்ப சொன்னா தூக்கு. அப்பறம் பயம் பழகிப்போச்சும்மா."

நான் எழுந்து மட்டைகளைப் பைக்குள் போட்டேன்.

ஆட்டத்தைப் பாதியில் விட்டேன். (விமலா, மன்னிச்சுக்க லா!) காரை நேராகச் செலண்டாருக்கு விட்டேன்.

சரோஜா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பா கொடிக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா ஈரச் சாரோங்கைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னப் பத்திக் கேட்டாரா?"

"ஒன்னப் பத்தி மட்டுந்தாம்மா கேட்டான்."

அக்கா சாரோங்கை உதறினார். கொடியில் போட்டார். மறுபடி எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா மாமா?"

என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, இன்று பார்த்தேன்.

"சத்தமாத்தாம்மா சொன்னேன்," என்றார். "நல்லா சத்தமாத்தான் சொன்னேன்."