இடிந்த மதிலும் பூட்டிய வாசலும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. வெள்ளைக்காரன் தன் கடற்படையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து வருஷத்துக்குப் பிறகு அதைப் பார்க்கப் போனேன். வாசலுக்குப் பக்கத்திலேயே மதில் அகலமாக இடிந்து கிடந்தது. ஆடுகள் போய்வரும் அந்த வழியால் நானும் ஏறி உள்ளே இறங்கினேன்.

"தம்பி, வெளியில போங்கோ. வாசலால வாங்கோ."

கோட்டையைக் காவல் காக்கும் வாச்சர். காக்கிச் சட்டை, வெறுங்கால், இடுப்பில் சாண் நீளத் திறப்பு. நான் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்தத் திறப்பால் பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டவர், மறுபடி பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு கொப்பியில் பேரெழுதச் சொன்னார்.

எழுதிக்கொண்டிருக்கையில், ஒரு வெள்ளைக்காரச் சோடி அதே இடிந்த மதில் வழியால் ஏறி வந்தது. வாச்சர் எழும்பிச் சலாம் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவையளுக்கு வாசல் இல்லையோ?"

"அவையின்ர ஆக்கள் கட்டின கோட்டைதானே."

"கல்லுச் சுமந்தது ஆர்? எங்கட சனம்."

"ஓம்," என்றார், கோபமேயில்லாமல். "சுமந்த சனத்தை அண்டைக்கும் வாசலில மறிச்சு, ஆரெண்டு கேட்டுத்தான் விட்டிருப்பாங்கள்."

என்னை நையாண்டி பண்ணினாரா, தன்னையேதானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கசப்பது அந்தப் பேச்சல்ல. நான் வெளியே போகத் திரும்பி வந்தபோது அவர் வாசலில் இல்லை. மதில் இடிந்தபடியே கிடந்தது. நானோ, பூட்டிக் கிடந்த வாசலடியில் நின்று, அவர் திறப்போடு வரும்வரை காத்திருந்தேன்.