பின்படியில் இருந்த பால் டின்

அண்ணாவின் வீட்டுப் பின்படியில் ஒரு பால் டின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. போய்ச் சேர்ந்த அன்றே அதைக் கண்டேன். ஆனால் கொப்பியில் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்: செம்மண் ரோடு, தகரக் கூரை, மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டி, தொட்டிக்குப் பூட்டு, படியோடு ஒரு பப்பாசி மரம், பள்ளிக்கூட மணிக்குப் பதிலாகத் தொங்கிய லொறிச் சில்லு. டின்னை மட்டும் விட்டுவிட்டேன். அந்தப் பயணத்தை நினைத்தால் முதல் ஆத்திரம் என்மேல்தான் வருகிறது.

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஆட்கள் பலர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். அண்ணாவும் போய், கென்யாவின் மேற்கே ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருந்தார். டிக்கெட் அனுப்பி, "ஒரு மாதம் வந்து நில்" என்று எழுதினார். நான் திருகோணமலையில் தொழில்நுட்ப உதவியாளர். பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி நீரைக் கடந்து, கிண்ணியாப் பக்கத்துக் கைப்பம்புகளைத் திருத்துவது என் வேலை. ஒரு ஸ்பனரை மறந்துவிட்டுப் போனால் திரும்பிவந்து எடுத்துப்போக அரைநாள் போய்விடும். பட்டியல் போடும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

அண்ணாவுக்குச் சமைக்க ஒரு பெண் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலம் அவரிடம் கொஞ்சம் இருந்தது, என்னிடமும் அவ்வளவுதான் இருந்தது. அங்கே ஒரு தாயை மூத்த பிள்ளையின் பெயரோடு 'மாமா' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள்.

"எங்கட ஊரில மாமா எண்டா மீசை இருக்கும்" என்றேன்.

அவர் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். "எனக்கு இன்னும் முளைக்கேல்லை."

அண்ணா அவரை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. கையைத் தட்டுவார்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தார். அண்ணா கதிரையை விட்டு எழும்பாமலே என்னிடம் தமிழில், "இவையளுக்கு நேரம் எண்டா என்னெண்டு தெரியாது" என்றார். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில், இந்த மாதத்தில் இன்னொரு நாள் பிந்தினால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார்.

குசினிக்குள் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார், இந்த வேலை போனால் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தால் மறிக்கவேண்டும் என்று.

"ஏன் பிந்துது?" என்று கேட்டேன்.

"நாளைக்கு விடிய என்னோட வாங்கோ."

போனேன். ஆற்றுக்கு ஒரு மணித்தியால நடை. ஆறு வற்றிக் கிடந்தது. மணலில் கிண்டிய குழியைச் சுற்றி இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு குடம் ஊற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று என் மணிக்கூட்டில் பார்த்தேன். திரும்பும் வழியில், ஊர் நடுவில், ஒரு கைப்பம்பு நின்றது. கைபிடியில் ஆடு கட்டியிருந்தார்கள்.

"போன மழைக்கு முன்னமே நிண்டுட்டுது. எழுதிப் போட்டம். ஒருத்தரும் வரேல்லை."

ஆட்டை அவிழ்த்துவிட்டுக் கைபிடியை அமத்தினேன். பாரமே இல்லாமல் இறங்கியது. உள்ளே தண்ணீரைத் தூக்கிவரும் தோல் வாசர் தேய்ந்துவிட்டது. கிண்ணியாவில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவு தோல்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் அண்ணாவிடம் கேட்டேன். "பள்ளிக்கூடத்திலயிருந்து அந்தப் பம்புக்குப் பத்து நிமிச நடை. ஒருநாளும் போய்ப் பாக்கேல்லையோ?"

"நான் படிப்பிக்க வந்தனான். பம்பு திருத்த வரேல்லை. நீயும் வந்த இடத்தில போட்டோ எடுத்தமா, மான் பாத்தமா எண்டு இரு."

"பிந்துதெண்டு ஏசுறியள். தண்ணிக்குப் போயெல்லோ பிந்துது. உங்கட தொட்டியில தண்ணி இருக்கு."

"அதுக்குத்தானே பூட்டு" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய பழைய தோல் பையின் மூடியை வெட்டினேன். கேட்டு வெட்டவில்லை. சுடுதண்ணீரில் ஊறவைத்த தோலை, கிண்ணம் போல வளைவதற்கு, சரியான அளவுள்ள ஏதாவது ஒன்றின்மேல் அழுத்திக் கட்டவேண்டும். தேடியபோது பின்படி டின் கண்ணில் பட்டது. அளவு அச்சொட்டாக இருந்தது. நிமிர்த்தி எடுக்கையில் விரல் வெட்டுப்பட்டது. அந்த டின்னில்தான் தினமும் அண்ணா சமைக்க வரும் பெண்ணுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அலுமாரியில் எட்டுக் கோப்பைகள் இருந்தன. டின்னின் வாயைத் திறந்த இடம் முழுவதும் பல்லுப் பல்லாக நின்றது. வாய் வைத்தால் உதடு கிழியும்.

"இதில எப்பிடிக் குடிக்கிறனீங்கள்?"

அவர் பப்பாசி மரத்தைக் காட்டினார். அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து தேத்தண்ணியை அங்கேதான் ஊற்றுகிறாராம். "அது நல்லாக் காய்க்குது. உங்கட அண்ணாவுக்கு அந்தப் பழமெண்டால் விருப்பம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டிப் போன என் அண்ணா, பட்டதாரி, சில சாதியாருக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கும் எங்கள் ஊர் வழக்கத்தைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே சிரட்டை கிடைக்காததால் டின்.

தோல் காய இரண்டு நாள். பிறகு நான் கொண்டுபோன தேங்காய் எண்ணெயில் ஓரிரவு. பள்ளிக்கூடப் பட்டறையில் ஸ்பனர் இரவல் வாங்கினேன். ஆறு பெண்கள் சேர்ந்து இரும்புக் கம்பிகளை மேலே இழுத்தார்கள். ஒருத்தி பாட்டுப் படித்து இழுவைக்குத் தாளம் கொடுத்தாள். வாசரை மாற்றி இறக்கி அமத்தினோம். முதலில் காற்று, பிறகு சிவப்புச் சேறு, பிறகு தண்ணீர்.

சமைக்க வரும் அந்தப் பெண் ஒரு எனாமல் கோப்பையில் பிடித்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு எனக்கு நீட்டினார். இதில் கெடுதல் இல்லை என்று காட்டிக் கொடுப்பது அவர்களுடைய மரியாதை. என் கை உடனே நீளவில்லை. எச்சில் என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. ஒரு கணம்தான். அவர் கண்டிருப்பார். வாங்கிக் குடித்தேன்.

அதன்பிறகு ஒருநாளும் அவர் பிந்தவில்லை. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கை துடைக்கும் கைலேஞ்சியை மடித்து வைத்துவிட்டு, திங்கள் முதல் வரமாட்டேன் என்றார். தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டது. கீரைத் தோட்டம் போட்டுச் சந்தையில் விற்றால் மகளின் படிப்பு நிற்காது.

"பாத்தியா? நன்றியில்லாத சனம்" என்றார் அண்ணா. "பையையும் வெட்டி, குசினியையும் குழப்பிப்போட்டாய்."

"அவ உங்களிட்ட ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிச்சதில்லை, அண்ணா. எல்லாம் பப்பாசி குடிச்சது. அதை நீங்கள் சாப்பிட்டனீங்கள்."

அவர் என்னோடு கதைக்காமல் இருந்த நாட்களைக் கொப்பியில் எழுதவில்லை. விமானம் ஏற்றிவிடும்போதும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த வாரம் கிணறு இறைத்தோம். வருசா வருசம் சேறு எடுக்க வருகிறவர் வந்தார். நாங்கள் குடிக்கும் கிணற்றுக்குள் அடிவரை இறங்கி நின்றார். ஏறி வந்ததும் கிடுகு வேலிக்குப் போய், அங்கே செருகியிருந்த சிரட்டையை எடுத்துக் கழுவினார். நான் பிறந்ததிலிருந்து இருபத்துமூன்று வருசமாக அந்தச் சிரட்டை அதே இடத்தில் இருந்தது. என் ஒரு பட்டியலிலும் இல்லை.

பூப்போட்ட கிளாஸ் ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம் பிள்ளை, பிறகு உனக்குத்தான் கரைச்சல்."

"குடியுங்கோ. சீனி போட்டனான்."

நின்றபடி குடித்தார். அவர் போனபின் அம்மா அந்தக் கிளாஸை இரண்டு தரம் சாம்பல் போட்டு விளக்கினா. பிறகு அலுமாரிக்குக் கொண்டுபோகவில்லை. வேலியில், சிரட்டை இருந்த ஓட்டையில் செருகினா.

நான் அலுமாரியைத் திறந்து மிச்சம் ஐந்து கிளாஸையும் எடுத்துப்போய், அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் செருகினேன்.

பின்னேரம் அப்பா வேலையால் வந்து கைகால் கழுவினார். "தேத்தண்ணி எங்க?"

"குசினியில இருக்கு. கிளாஸ் வேலியில இருக்கு" என்றேன். "எடுத்துக்கொண்டு வாங்கோ."