தெர்மாகோல் தியாகதுருகம்

என் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களெல்லாம் கடைக்கு மாடியில் இருந்த அறையைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். கீழே ஃபிளெக்ஸ் கடை. மேலே ஒரு பெரிய மேசை, அதில் அரை விரல் உயரத்தில் ஐதர் அலியின் குதிரைப்படை, கும்பினிச் சிப்பாய்கள், ஊசிமுனை பிரஷ்ஷால் வரைந்த மீசைகள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கூடி, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி, பழைய சண்டைகளை மறுபடி போடுவார்கள். கிளப் என்று இவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சி கடைவீதி வேறு பெயர் வைத்திருந்தது: வருஷம் பூரா கொலு வைக்கிற பசங்க.

அந்த நாலு பேரில் சித்தப்பாவுக்கு உயிர், நைனார்பாளையத்து நண்பர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அரசுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, தெர்மாகோலில் தியாகதுருகம் மலைக்கோட்டையைச் செய்தவர் அவர்தான். வெள்ளிமலைக்கு ஜீப் ஏறிப் போய்ப் பாசி கொண்டுவந்து ஒவ்வொரு பாறையிலும் ஒட்டியிருந்தார். பெங்களூரில் வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஆட்டக்காரர்கள் எல்லா ஊரிலிருந்தும் கூடுவார்கள். அந்த வருஷம் எங்களுக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் படையோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேசை வேறு ஆளுக்கு. ரெண்டு பேரும் மாதக்கணக்கில் அதற்காகத்தான் தூங்காமல் கிடந்தார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. எங்கள் ஆட்கள் தனி ஒதுக்கீடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவின் ஆட்கள் வேறு சாதி, ஆனால் அதே மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். தனியாகப் பிரித்தால் மிச்சம் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. இதெல்லாம் இப்போது தெரிகிறது. ஏழாம் வகுப்பில் எனக்குப் போராட்டம் என்றால் ஸ்கூல் லீவு.

சனிக்கிழமை விடிந்ததும் சித்தப்பா, மாமா, நான் மூன்று பேரும் ஆம்னி வேனில் கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார். மாமா பின்சீட்டில் மலையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் இடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சங்கராபுரம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. பத்துப் பதினைந்து பேர் வேனைச் சுற்றிக்கொண்டார்கள்.

“மறியல் நடக்குதுன்னு தெரியாதா? வண்டியத் திருப்பு.”

கொடியைத் தோளில் போர்த்தியிருந்த ஒரு பெரிய அண்ணன் சிப்பாய்கள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். “இன்னாய்யா இது, பொம்மை ஏவாரமா?”

“சண்டைங்கண்ணே. தியாகதுருகம் கோட்டைச் சண்டை,” என்றார் சித்தப்பா.

“யாரு ஜெயிச்சது?”

“நாளைக்குப் பத்து மணிக்கு மேலதாங்க தெரியும்.”

கூட்டம் சிரித்தது. “இதுல நம்மாளுங்க எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும் இருந்தாங்கண்ணே. சம்பளம் குடுத்தவன் பக்கம்.”

மாமாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பெரிய அண்ணன் வேனுக்குள் தலையை விட்டார்.

“நம்ம ஜனம்னா வுட்டுருவோம். நீங்க யாரு வூட்டுப் புள்ளைங்க?”

சித்தப்பா தாத்தா பெயரைச் சொன்னார். அது அங்கே செல்லுபடியாகும் பெயர். பிறகு பின்சீட்டைக் கையால் காட்டி, கண் சிமிட்டாமல் சொன்னார்: “எல்லாம் நம்ம பசங்கதாண்ணே.”

பெரிய அண்ணன் என்னிடம் குனிந்தார். “இவுரு உனுக்கு இன்னா ஆவுணும் பாப்பா?”

“மாமா.”

அவ்வளவுதான். மரத்தின் நுனிப்பக்கத்தை இழுத்து வழி விட்டார்கள். அடுத்த ஊரிலும் தடை இருக்காது என்று வேன் கண்ணாடியில் ஒரு கொடியைக் கட்டினார்கள். போவதற்கு முன் கோஷம் போடச் சொன்னார்கள். சித்தப்பா கத்தினார், நான் அதைவிடக் கத்தினேன். மாமா கையை மட்டும் தூக்கினார். இன்னொரு கை மலையைப் பிடித்திருந்தது.

எனக்கோ கெத்து தாங்கவில்லை. எதிரியின் காவலை ஒரே வாக்கியத்தில் கடந்த தளபதி என் சித்தப்பா! திருவண்ணாமலை வரை அதையே பேசிக்கொண்டு வந்தேன். மாமா மலையில் பெயர்ந்த பாசியை விரலால் அழுத்திக்கொண்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாமா, “ஓரங்கட்டுடா,” என்றார். “வயிறு ஒரு மாதிரியா கீது. நீங்க போங்க.”

“டேய், வெளையாடாத. ஐதர் படைய யாரு நடத்துறது?”

“பாப்பா நடத்தும்.”

“அதான் வுட்டுட்டானுங்கல்ல, இன்னும் இன்னாடா?”

“ஆமா, வுட்டுட்டானுங்க.”

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். மாமா இறங்கி, மலையை என் மடியில் வைத்தார். “குதிரைங்கள மொதல்லயே எறக்கிடாத. கும்பினிக்காரன் வெளிய வர்ற வரைக்கும் பொறுத்துக்க,” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

பெங்களூரில் நான் பொறுத்திருந்து குதிரைகளை இறக்கினேன். பகடை எனக்காகவே உருண்டது. மலையைப் போட்டோ எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள், யார் செய்தது என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எதிர்முனையில் மாமா எடுக்கவில்லை.

மாமா அதற்குப் பிறகு மாடி ஏறவில்லை. தம்பியை அனுப்பித் தன் குதிரைப்படையை வாங்கிக்கொண்டார். மலையைக் கேட்கவில்லை. கிளப் மூன்று பேராகி, பிறகு மேசை ஃபிளெக்ஸ் வெட்டுவதற்குக் கீழே வந்துவிட்டது. போன பொங்கலுக்கு இந்தப் பேச்சு வந்தபோது சித்தப்பா இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். “நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? அவன் நம்ம பையன் இல்லாம வேற யாரு?” சாப்பாட்டுப் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அதுதான் கஷ்டம்.

மாமா இறங்கிய அன்றைக்குப் பஸ் ஒன்றும் ஓடவில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் மறியல். மாமா ஊர் திரும்ப வேண்டுமென்றால் அதே புளியமரத்தை அவர் மறுபடி தாண்டியிருக்க வேண்டும், இந்தத் தடவை தனியாக. அதே ஆட்கள் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொன்னார், யார் பெயரைச் சொன்னார், இல்லை ஒன்றும் சொல்லாமல் ராத்திரி வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாரா, எங்கள் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வேன் ஊத்தங்கரை போகும் வரைக்கும் எனக்கு இருந்த ஒரே வருத்தம், வயிற்றுவலிக்காரருக்கு ஒரு சோடாவாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்பதுதான்.