ஆளில்லாத அறையின் ஒரு நிமிடம்

எங்கள் நிறுவனத்தில் பாட்டுப் பதிவு வெள்ளிக்கிழமை மதியம்தான். பேரணாம்பட்டில் நாங்கள் இருக்கும் தெரு முழுக்கத் தோல் ஷாப்புகள். தோல் பதப்படுத்தும் பெரிய மர டிரம்கள் வாரமெல்லாம் உருண்டுகொண்டே இருக்கும். அந்த அதிர்வு தரை வழியாக ஏறி மைக்கில் விழுந்துவிடும். ஜும்மா தொழுகைக்காக எல்லா டிரம்மும் நிற்கிற கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. சென்னையிலிருந்து வரும் வித்வான்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வேறு நாளில் வந்து அடம்பிடித்த ஒருவருக்கு, அவருடைய ஆலாபனைக்கு அடியில் டிரம் உருளுவதைப் போட்டுக் காட்டினேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

முதலாளியை நாங்கள் பாய் என்போம். மிருதங்கம் செய்கிறவர்களுக்குத் தோல் கொடுக்கப் போய், அங்கேயே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, கர்நாடக சங்கீதப் பைத்தியம் பிடித்தவர். தன் பழைய கிடங்கையே பதிவறை ஆக்கினார். விலைபோகாத தோல்களை நாலு சுவரிலும் கூரையிலும் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டார். எதிரொலி சுத்தமாகச் செத்துப்போனது. கதவை மூடினால் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். வயலின்காரர் ஒருவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் நிற்பது யார் என்று கேட்டிருக்கிறார். எங்கள் மிருதங்கக்காரர் கதவோரத்தை விட்டு உள்ளே தள்ளி உட்காரவே மாட்டார்.

"இங்க தொங்குறது எல்லாம் ஒரு காலத்துல கத்தினதும்மா" என்பார். பாதி விளையாட்டு, பாதி பயம்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். செய்வது ஒலிப்பதிவு. எங்களிடம் ஒரு முறை உண்டு. பாட்டு தொடங்குவதற்கு முன் எல்லோரையும் வெளியே அனுப்பி, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, ஆளில்லாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்வேன். அறைக்கென்று உள்ள மெல்லிய இரைச்சல் அதில் விழும். பிறகு அந்த நிமிடத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினால், அதில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் பாட்டிலிருந்து கழித்துவிடும். இத்தனை வருஷத்தில் அந்த நிமிடத்தை நான் காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. ஒன்றுமில்லாததை யார் கேட்பார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் பள்ளிகொண்டாக்காரர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். கழுத்தில் கட்டி, திங்கட்கிழமை வேலூரில் ஆபரேஷன். குரல் நரம்பை ஒட்டியே கத்தி வைக்க வேண்டியிருக்கிறது, குரல் மாறலாம், போகவும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் ஒரு கல்யாணி ராகமாவது பதிவாகிவிட வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார். பாய் தொழுகைக்குக் கிளம்பும்போது, இந்தம்மாவுக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை இல்லை, பார்த்துச் செய் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாங்கு முடிந்தது. தெரு அடங்கியது. வழக்கப்படி எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அந்த நிமிடத்தை எடுத்தேன். அந்த அக்கா எதிரே வேப்பமரத்தடியில் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மெஷின் அறை ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு உள்ளே வந்து பாடினார். ஐந்தரைக் கட்டை சுருதி. கீழே இறங்கித் தைவதத்தில் நின்று அவர் மெதுவாக ஏறியபோது மிருதங்கக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

மறுநாள் காலை சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கழித்து முடித்துக் கேட்டால், அவர் அந்தக் கீழ்த் தைவதத்தைத் தொட்ட இடமெல்லாம் குரல் இல்லை. மற்ற சுரங்கள் எல்லாம் சரி. அந்த ஒரு சுரத்தில் மட்டும் வாய் திறந்து, மூச்சு வந்து, குரல் வராத மாதிரி ஒரு பள்ளம். மெஷின் கோளாறு என்று இரண்டு தரம் திட்டிவிட்டு மறுபடி செய்தேன். அதே பள்ளம்.

அப்போதுதான் அந்த நிமிடத்தை ஹெட்போனில் போட்டுக் கேட்டேன்.

யாரோ முனகினார்கள். டிரம் இல்லை, வண்டி இல்லை, மனுஷத் தொண்டை. ஒரே சுரத்தில், நாலு கட்டையில், கொஞ்சம் கரகரப்பாக. நடுவில் அறுந்தது, மூச்சு வாங்கியது, திரும்பத் தொடங்கியது. ஐந்தரைக் கட்டையில் அவருடைய கீழ்த் தைவதமும் இந்த நாலு கட்டை ஷட்ஜமும் ஒரே இடம். அதனால்தான் கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துக் கழித்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே போய் வெயிலில் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? கழிக்காத பதிவை அப்படியே அவருக்கு அனுப்பினேன்.

ஆபரேஷன் முடிந்தது. ஆளுக்கு ஆபத்தில்லை. குரல்தான் காற்றாகிப் போனது என்று கணவர் போனில் சொன்னார். வெகுநாள் வரை சைகையும் கிசுகிசுப்பும்தான். ஸ்கூலில் வேறு டீச்சர் போட்டுவிட்டார்களாம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். பேச்சு வந்திருந்தது. பாட்டு வருமா என்று வீட்டில் பாடிப் பார்க்கப் பயமாக இருக்கிறது, இங்கே என்றால் வெளியே ஒருவருக்கும் கேட்காது என்றார். டிரம்கள் நின்றதும் தம்பூராவை ஐந்தரையில் வைத்தேன். குரல் எட்டவில்லை. ஐந்துக்கு இறக்கினேன். நாலரைக்கு இறக்கினேன். அவர் முகம் அழத் தயாராகிவிட்டது. நாலில் வைத்ததும் குரல் போய் உட்கார்ந்தது. கொஞ்சம் கரகரப்பு. பாதியில் அறுந்தது, மூச்சு வாங்கியது, திரும்பத் தொடங்கியது.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பழைய ஃபைலைத் தேடி எடுத்து, எது என்று சொல்லாமல் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். முழு நிமிடமும் அசையாமல் கேட்டார்.

"இப்ப பாடினதா?"

"இல்லக்கா. ஆபரேஷனுக்கு முன்ன. நீங்க மரத்தடியில இருந்தீங்க. உள்ள யாருமே இல்ல."

அலறுவார் என்று நினைத்தேன். அவர் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே இன்னொரு தரம் போடச் சொன்னார்.

"போய்டுச்சின்னு எத்தினி நாள் அழுதேன்" என்றார். "இங்கதான் இருந்திருக்கு."

அவருக்கு அது ஆறுதல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு கட்டையில் புதிதாக ஒரு கல்யாணி எடுக்க வேண்டும் என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, வழக்கம்போல ஒரு நிமிடம் எடுத்தேன். பதிவு முடிந்ததும் அவர் எல்லாவற்றுக்கும் முதலில் அந்த நிமிடத்தைப் பற்றித்தான் கேட்டார்.

"அதுல இன்னா இருக்கு, பாரும்மா."

ஒலியைக் கடைசி வரை ஏற்றிக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். அறை மட்டும்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இனிமே மாறாது. இதான் என் குரலு" என்றார். கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே தொழுகை முடிந்து ஒவ்வொரு டிரம்மாக உருளத் தொடங்கியது. நான் தலையாட்டினேன். அந்தக் காலி நிமிடத்துக்கு, இனி வரப்போகிற குரலே இல்லை என்றும் ஒரு அர்த்தம் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.