எண்ணாத காகக் கூடுகள்

பல்கலைக்கழகப் பதிவேட்டின்படி மாக்ரெட் யேசுரட்ணம் "அண்மையில் பட்டம் பெற்ற முழுநேர மாணவி, கற்பித்தல் அனுபவம் இல்லை." அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வகுப்பில் நூற்றெண்பது பிள்ளைகள். கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்பதற்கு ஒலிபெருக்கி. ஆனால் பதிவேட்டைப் பொறுத்தவரை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தால்தான் படிப்பித்தல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய்வரும்போது அவர் காகக் கூடுகளைப் பார்த்துக்கொண்டே போவார். சில கூடுகள் முழுக்கக் கம்பி: உடுப்புக் கொழுவி, வயர்த் துண்டு, ஒருமுறை மூக்குக்கண்ணாடிச் சட்டம். மரம் குறைந்த இடத்தில் சுள்ளி கிடைக்காது, அதனால்தான் காகம் கம்பி பொறுக்குகிறது என்பது அவருடைய தீர்மானம். அதையே முதுமாணி ஆய்வுக்கு முன்மொழிந்தார். பல்கலைக்கழக ஆய்வுக் குழு திருப்பி அனுப்பியது: "விடை இருக்கிறது, கேள்வியைக் காணவில்லை." இரண்டாவது தடவையும் தவறினால் பதிவு ரத்து.

இரண்டாவது தடவை கேள்வி இருந்தது. முறையும் இருந்தது: மரம் குறைந்த வெள்ளவத்தையில் அறுபது கூடு, மரம் நிறைந்த கறுவாத்தோட்டத்தில் அறுபது கூடு. கடைசிப் பக்கத்தில், இனிமேல் எண்ணி நிரப்பவேண்டிய பெறுபேறுகளுக்கு ஓர் அட்டவணை. அங்கேதான் கால் இடறியது. வெற்றுப் பெட்டியோடு விடைத்தாளைக் கொடுக்க எந்தப் பிள்ளையையும் அவர் விட்டதில்லை. பழகிய கை தானாக நிரப்பிவிட்டது: வெள்ளவத்தையில் நாற்பத்தொரு கம்பிக் கூடு, கறுவாத்தோட்டத்தில் ஒன்பது. மேற்பார்வையாளர் கிளெமென்ற் கடைசிப் பக்கம் வரை வாசிக்கவில்லை. குழுத் தலைவி வாசித்திருந்தார்.

"இதை எப்போது எண்ணினீர்கள்?" என்று நேர்முகத்தில் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

பக்கத்தில் இருந்த கிளெமென்ற் குனிந்து பேனையைத் தேடுவதுபோல் முணுமுணுத்தார்.

"பைலட் எண்டு சொல்லுங்கோ. சும்மா ஒரு முன்னோட்டம். ஆரும் ஏறிப் பாக்கப்போறேல்லை."

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் பதிவு தப்பும். சொல்லாவிட்டால் இல்லாத தரவைப் புனைந்தவர் என்று கோப்பில் ஏறும். பிள்ளைகளின் செய்முறைக் கொப்பியில் எண்ணாமல் எழுதிய எண்களை மாக்ரெட் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். அவை எப்போதும் மிகவும் ஒழுங்காக இருக்கும். தன்னுடையவையும் மிகவும் ஒழுங்காக இருந்தன.

ஆங்கிலத்தில் தொடங்கியவருக்குப் பாதியில் தமிழ்தான் வந்தது. "நான் எண்ணேல்லை. ஒரு கூடும் எண்ணேல்லை. இப்பிடித்தான் வரும் எண்டு நானே போட்டனான்."

தமிழ் தெரியாத தலைவி பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியவர் குழுவின் மூன்றாம் ஆள், கலாநிதி பதியுதீன்; ஒருகாலத்தில் மாக்ரெட்டின் ரியூசன் வகுப்பில் கடைசி வாங்கு மாணவர். ஒரு சொல்லை மாற்றியிருந்தாலே போதும். அவர் ஒன்றையும் மாற்றாமல் மொழிபெயர்த்தார். பிறகு தமிழில் கேட்டார்:

"டீச்சர், ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி வந்தா என்ன செய்வீங்க?"

அப்படி வராது என்பது நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"வந்தபடி எழுதுவன்."

"வெறும் டேபிளுக்கு முட்டை எண்டு நீங்கதானே சொல்லித் தந்த?"

"அது சோதனைப் பேப்பருக்கு, தம்பி."

வெளியே நாற்பது நிமிடம் காக்கவைத்தார்கள். "அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தா இப்ப கன்ரீனில ரீ குடிச்சிருப்பம்," என்றார் கிளெமென்ற். மாக்ரெட் கைக்குட்டையை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. பதிவு ரத்தாகாது; எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் சேரும். திருத்திக் கொடுக்க இரண்டு வாரம்.

அவர் எண்களை அழித்து, பெட்டிகளை வெறுமையாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார். அனுமதி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தொலைநோக்குக் கண்ணாடியோடு போய், ஏழு மாதத்தில் நூற்றிருபது கூடுகளையும் எண்ணினார். இரண்டு இடத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.